ஃப்ளேம்ப்ரூஃப் லைட் மக்கர் பண்ணினால் எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது

சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் எனக்கு வருகிற போனில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். “அண்ணாச்சி, பெயின்ட் பூத்துல ஒரு லைட்டு எரியல, ஏணி போட்டுத் தொறந்து பாத்துரட்டா?” வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் இரண்டு போல்ட்டைக் கழற்றியிருப்பார்கள். கங்கைகொண்டான் பக்கம் ஒன்று, தூத்துக்குடி பக்கம் ஒன்று, சங்கரன்கோவிலில் ஒன்று என்று இதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன். பெயின்ட், தின்னர், ஸ்பிரிட், பெட்ரோல், கேஸ் சிலிண்டர் குடோன், பஞ்சு, மாவு, நிலக்கரித் தூள் இருக்கிற இடங்களில் மாட்டியிருக்கிற, உள்ளே வருகிற பொறியோ சூடோ வெளியே தீ மூட்டாதபடி சான்றிதழ் வாங்கின லைட்டுகளுக்கு இது பொருந்தும்.

தீப்பெட்டி, பட்டாசு வேலையில் மருந்து கலக்கிற, நிரப்புகிற அறைகளுக்கு இது பொருந்தாது. கோவில்பட்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த லைட்டுகளுக்கான தரவிதிகள் வாயுவுக்கும் தூசிக்கும் எழுதப்பட்டவை, வெடிமருந்துக்கு எழுதப்பட்டவை இல்லை. அங்கே லைட் போடலாமா என்பதையே சிவகாசியில் இருக்கும் வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## ஏணி போடுவதற்கு முன்னால்

எந்தக் கோளாறாக இருந்தாலும் இது பொது. சுவிட்சை அணைத்தால் போதாது, பேனலில் எம்சிபியை (ஓவர்லோடானால் தானாக விழுகிற சுவிட்சை) இறக்க வேண்டும். அது பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டுகிற எம்சிபியாக இருக்க வேண்டும். பூட்டுப் போட்டு, சாவி ஏணியில் ஏறுகிற ஆளின் பையில் இருக்கட்டும். டிபன் சாப்பிட்டு வந்த வேறொரு ஆள் “யார்லே இத அமத்துனது?” என்று தூக்கிவிட்ட கதை எனக்கே நடந்திருக்கிறது.

அப்புறம் லைட்டின் மேல் ஒரு எச்சரிக்கை வரி இருக்கும், அணைத்து இத்தனை நிமிடம் கழித்துத்தான் திறக்க வேண்டும் என்று. உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், விளக்கும் சூடாக இருக்கும், அதற்காக எழுதினது. அந்த நிமிடங்களை டீ குடித்தாவது கழியுங்கள்.

வேலை செய்கிற இடத்தில் வாயு இல்லை என்று கேஸ் டிடெக்டரில் பார்த்து, ரீடிங் சைபர் என்று பெர்மிட்டில் (வேலை செய்ய அனுமதிக்கிற சீட்டில்) எழுதி வாங்கிய பிறகுதான் திறக்க வேண்டும். டிடெக்டரை நெஞ்சு உயரத்தில் மட்டும் நீட்டிவிட்டு வரக்கூடாது. சமையல் கேஸும் பெட்ரோல் ஆவியும் காற்றை விடக் கனமானவை, தரையோரத்திலும் குழியிலும் தங்கும். மொபைல், சாதா டார்ச், சாதா மல்டிமீட்டர், டிரில் எல்லாம் வெளியே. மல்டிமீட்டரும் ஒரு மின்சாதனம்தான் என்பது பல வயர்மேன்களுக்கே தோன்றுவதில்லை.

கடைசியாக பெயர்ப்பலகை, அதாவது நேம் பிளேட். அதில் எக்ஸ் என்ற குறி, பாதுகாப்பு வகை, வாயுக் குழு, வெப்ப வகுப்பு எல்லாம் வரிசையாக இருக்கும். உதாரணத்துக்கு எக்ஸ்-டி (ஃப்ளேம்ப்ரூஃப் வகை), 2பி, டி4 (அந்த 2 ரோமன் எண்ணில் இருக்கும்). 2ஏ என்றால் புரொபேன், பெட்ரோல் மாதிரியான சாமான்களுக்கு, 2பி என்றால் எத்திலீன் வகைக்கும் சேர்த்து, 2சி என்றால் ஹைட்ரஜன், அசிட்டிலீன் வரைக்கும். டி4 என்றால் அந்த லைட்டின் சூடு 135 டிகிரியைத் தாண்டாது. டி3 என்றால் 200, டி6 என்றால் 85. மில்லில் ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி சார்ஜ் போடுகிற அறையில் ஹைட்ரஜன் வரும், அங்கே போய் 2ஏ லைட்டை மாட்டியிருப்பதை இரண்டு மூன்று இடத்தில் பார்த்திருக்கிறேன். நேம் பிளேட் இல்லையென்றால், அல்லது ஆயுத பூஜைக்கு வெள்ளையடித்தபோது அதன் மேலும் பெயின்ட் அடித்து எழுத்து தெரியவில்லை என்றால், அதைச் சாதா லைட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாதா லைட்டுக்கு அந்த இடத்தில் சோலி இல்லை.

## லைட் எரியவே இல்லை

### ஒரே ஒரு லைட் மட்டும் எரியவில்லை

முதலில் பேனல். எம்சிபி விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் ஒரு தடவை தூக்கலாம், ஒரே ஒரு தடவை. மறுபடி விழுந்தால் கீழே ‘எம்சிபி விழுகிறது’ பகுதிக்குப் போங்கள். எம்சிபி சரியாக இருந்து, அதே லைனில் மற்ற லைட்டுகள் எரிகிறது என்றால் கோளாறு அந்த லைட்டிலோ அதற்கு முந்தைய ஜங்ஷன் பாக்ஸிலோதான்.

பழைய சோடியம், மெர்க்குரி லைட்டாக இருந்தால் விளக்கு, அடுத்து இக்னைட்டர் (சோடியத்தில் மட்டும்), அடுத்து சோக்கு, இந்த வரிசையில் மாற்றிப் பாருங்கள். விளக்கு மலிவு, சோக்கு விலை. மாற்றும்போது அதே வகை, அதே வாட். இங்கே ஊரில் ரொம்பப் பரவலாக இருக்கிற ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும்: பழைய ஃப்ளேம்ப்ரூஃப் வெல்கிளாஸ் லைட்டுக்குள் (கிணறு மாதிரிக் கண்ணாடி மூடியுள்ள லைட்), கரண்ட் பில் குறையட்டும் என்று, கடையில் கிடைக்கிற எல்இடி பல்பைத் திருகி விடுவது. வெளிச்சம் நன்றாகத்தான் வரும். ஆனால் அந்தப் பெட்டிக்குச் சான்றிதழ் கொடுத்தபோது உள்ளே சோடியம் விளக்கை வைத்துத்தான் சோதித்தார்கள். நீங்கள் போட்ட பல்பின் டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற சர்க்யூட்) எவ்வளவு சூடாகும், எப்படிக் கெடும் என்று யாரும் சோதிக்கவில்லை. அந்த நிமிடத்திலிருந்து சான்றிதழ் செல்லாது. எல்இடி வேண்டுமென்றால் எல்இடியாகவே சான்றிதழ் வாங்கின முழு ஃபிட்டிங்கை வாங்குங்கள். விலை எரிச்சலாகத்தான் இருக்கும், அதற்கு நான் என்ன செய்ய.

எல்இடி ஃபிட்டிங் எரியவில்லை என்றால் டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, நாலைந்து வருஷம் ஆன ஃபிட்டிங்கில் டிரைவர். டிரைவரை அதே மாடல் நம்பர், அதே கம்பெனியிடமிருந்து வாங்கித்தான் போட வேண்டும். ‘இதுவும் 40 வாட் அதுவும் 40 வாட்’ என்று கடைக்காரர் தருவதை வாங்காதீர்கள். ஒரிஜினல் டிரைவர் கிடைக்கவில்லை என்றால் உங்கள் வேலை அங்கே முடிந்தது, கம்பெனி சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

### ஒரு வரிசையே எரியவில்லை

எம்சிபி நன்றாக இருந்தால், எரிகிற கடைசி லைட்டுக்கும் எரியாத முதல் லைட்டுக்கும் நடுவில் இருக்கிற ஜங்ஷன் பாக்ஸைப் பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை அங்கேதான் நியூட்ரல் கருகி இருக்கும். இரண்டு கம்பியை முறுக்கி டேப் சுற்றி பாக்ஸுக்குள் திணித்திருந்தால் அது இணைப்பே கிடையாது, டெர்மினல் போட்டே ஆக வேண்டும்.

### பாதி லைட் மங்கல், பாதி லைட் ரொம்பப் பிரகாசம்

உடனே எல்லாவற்றையும் அணையுங்கள். மூன்று பேஸிலும் லைட்டைப் பிரித்துக் கொடுத்திருக்கிற இடத்தில் மெயின் நியூட்ரல் விட்டுப்போனால் இப்படி ஆகும். பேனலில், அதாவது ஆபத்தில்லாத அறையில், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளந்தால் ஒன்றில் 170, இன்னொன்றில் 290 என்று தாறுமாறாக இருக்கும். அரை மணி நேரம் விட்டால் பிரகாசமாக எரிந்த டிரைவரெல்லாம் செத்துப்போகும். இதை லைட் பார்க்கிற ஆள் சரிசெய்ய முடியாது. உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைக் கூப்பிடுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் என்றால் மின்வாரியம்.

## விட்டு விட்டு எரிகிறது

மஞ்சள் சோடியம் லைட் கொஞ்ச நேரம் நன்றாக எரிந்து, தானாக அணைந்து, ஆறின பிறகு மறுபடி எரிந்தால் விளக்கின் ஆயுள் முடிந்துவிட்டது. சோக்கு, இக்னைட்டர் என்று அலைய வேண்டாம், விளக்கை மாற்றுங்கள். கரண்ட் போய் வந்த உடனே எரியாமல் சில நிமிடம் கழித்து எரிவது கோளாறே கிடையாது, அந்த விளக்கின் குணம் அது.

எல்இடி மினுக் மினுக்கென்றால் டெர்மினல் தளர்வு முதல் காரணம். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசுகிற காற்றில் பைப்பில் தொங்குகிற லைட் இரண்டு மாதம் ஆடிக்கொண்டே இருக்கும், ஸ்க்ரூ தளராமல் என்ன செய்யும்? தென்காசி, ஆலங்குளம் பக்கத்துக்காரர்கள் ஆவணியில் ஒரு தடவை எல்லா டெர்மினலையும் இறுக்கிப் பார்த்துவிடுவது நல்லது. தளர்ந்த டெர்மினல் மினுக்குவதோடு நிற்காது, சூடேறும், பொறி விடும்.

மத்தியானம் மட்டும் மங்கலாகி, ராத்திரி சரியாகிவிடுகிறதா? டிரைவர் சூடு தாங்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நேம் பிளேட்டில் வேறு எதுவும் எழுதவில்லை என்றால் அந்த லைட்டைச் சுற்றியுள்ள காற்றின் சூடு அதிகபட்சம் 40 டிகிரி என்று வைத்துத்தான் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் நம்ம ஊர் தகரக் கூரைக்கு அடியில் 40 எங்கே நிற்கிறது? அதனால் கூரையை ஒட்டி மாட்டுகிற லைட் வாங்கும்போது 50, 55 டிகிரி வரை என்று நேம் பிளேட்டிலேயே போட்டிருக்கிறதைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே மாட்டிவிட்டீர்கள் என்றால் மத்தியானம் ஒரு மணிக்கு லைட் இருக்கிற உயரத்தில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டிப் பாருங்கள். 40 தாண்டினால் லைட்டைக் கீழே இறக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக மினுங்கினால் சுவிட்ச் பேஸை வெட்டாமல் நியூட்ரலை வெட்டுகிறது என்று சந்தேகப்படுங்கள். அப்படி இருந்தால் ‘ஆஃப்’ என்று நினைத்துத் திறக்கிற பெட்டிக்குள் உயிர் இருக்கிறது. இரண்டையும் வெட்டுகிற சுவிட்ச் போடுங்கள்.

## கண்ணாடிக்குள் தண்ணீர், ஆவி

எனக்கு அதிகம் வருகிற புகார் இதுதான், ஐப்பசி, கார்த்திகையில் தினமும் வரும். இதில்தான் ஆட்கள் அதிகம் தப்புச் செய்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தண்ணீரைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது ‘அடைக்கணும்’. சிலிக்கான் ட்யூபை எடுத்து மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் சுற்றிப் பிதுக்கி, விரலால் தடவி, அழகாக முடித்துவிடுவார்கள். தூத்துக்குடி சாலையில் ஒரு குடோனில் இருபத்துச் சொச்சம் லைட்டை ஒரே நாளில் இப்படி ‘வாட்டர்ப்ரூஃப்’ ஆக்கி வைத்திருந்தார் ஒரு வயர்மேன். வேலை சுத்தம், பார்க்கக் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. இருபத்துச் சொச்சமும் அன்றோடு ஃப்ளேம்ப்ரூஃப் தகுதியை இழந்தன.

ஏன் என்று இரண்டு வரியில்: இந்தப் பெட்டி வாயுவை உள்ளே விடாமல் தடுக்கிற பெட்டி கிடையாது. ராத்திரி குளிரும்போது மூச்சு இழுக்கிற மாதிரி வெளிக்காற்றை வாயுவோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். உள்ளே வெடித்தால் பெட்டி தாங்க வேண்டும், வெடித்த நெருப்பு மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற உலோக இடுக்கு வழியாக வெளியே வருவதற்குள் ஆறிவிட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்த இடுக்கு ஏறக்குறைய ஒரு போஸ்ட் கார்டு கனம்தான் இருக்கும், சில வகைகளில் அதை விடவும் குறைவு. நடுவில் சிலிக்கானைப் போட்டால் மூடி தூக்கிக்கொண்டு இடுக்கு அகலமாகும். எவ்வளவு ஆகிறது என்று பார்க்கவும் முடியாது, அடைத்துவிட்டதே.

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

### கிளாண்ட் வழியாக

கேபிள் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கிற வாய்தான் கிளாண்ட். முதலில் இதைப் பாருங்கள், மலிவான காரணம் இது. கேபிள் மேலிருந்து நேரே லைட்டுக்குள் இறங்கினால் மழைத் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு கிளாண்டுக்கு வரும். கேபிளைக் கிளாண்டுக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு ஏற்றினால் பாதிப் பிரச்சினை அங்கேயே சொட்டிவிடும். அடுத்து, கேபிளின் கனத்துக்கும் கிளாண்ட் ரப்பருக்கும் பொருத்தம் இருக்கிறதா? ஒல்லிக் கேபிளுக்குப் பெரிய கிளாண்டைப் போட்டு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி மொத்தமாக்கியிருந்தால் கிளாண்டையே மாற்றுங்கள். சான்றிதழ் உள்ள ஃப்ளேம்ப்ரூஃப் டபுள் கம்ப்ரெஷன் கிளாண்ட்தான் போட வேண்டும், பெட்டியில் உள்ள அதே மரை. மரை குறைந்தது ஐந்து சுற்று முழுதாக உள்ளே ஏறியிருக்க வேண்டும். எண்ணிக்கொண்டே திருகுங்கள்.

### பயன்படுத்தாத துளை வழியாக

ஃபிட்டிங்கில் இரண்டு துளை இருக்கும், ஒன்றில்தான் கேபிள். இன்னொன்றில் சான்றிதழ் உள்ள பிளக் இருக்க வேண்டும். நான் அங்கே பார்த்தவை: எபாக்ஸி மாவு, மரக்கட்டை, பேப்பரைச் சுருட்டி வைத்தது, ஒரு இடத்தில் தேங்காய் நார். சரியான பிளக்கை அந்த மரைக்கு வாங்கிப் போடுங்கள். லைட்டுக்கு ஆகிற செலவில் இது ஒன்றுமே இல்லை.

### மூடி வழியாக

பல ஃபிட்டிங்குகளில் தண்ணீருக்கென்று தனியாக ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருக்கும். அது காய்ந்து வெடித்திருந்தால் கம்பெனியின் அதே ஓ-ரிங். சைக்கிள் ட்யூபை வெட்டிப் போடுவது நம் ஊரில் எல்லாவற்றுக்கும் மருந்து, இதற்கு மட்டும் ஆகாது. ஓ-ரிங் இல்லாத ஃபிட்டிங்கில் நீங்களாக ரப்பர் எதையும் சேர்க்கக் கூடாது.

இரண்டு உலோக முகங்களும் ஒட்டுகிற இடத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். உப்புத்தாள் போடக் கூடாது, அரம் போடக் கூடாது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறக்கக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது. கம்பெனி சொல்கிற கெட்டிப்படாத கிரீஸை மெல்லிசாகத் தடவி மூடுங்கள். பக்கத்தில் கேஸ் டிடெக்டர் இருக்கிற இடத்தில் சிலிக்கான் கிரீஸ் வேண்டாம், அதன் ஆவி சில வகை சென்சாரைக் கெடுத்துவிடும். எல்லா போல்ட்டும் திரும்பப் போக வேண்டும். எட்டில் ஒன்று தொலைந்துபோய் ஏழோடு மூடினால் அது ஃப்ளேம்ப்ரூஃப் இல்லை. கிடைத்த போல்ட்டைப் போடாதீர்கள், சான்றிதழில் சொன்ன தரம், சொன்ன நீளம்.

மூடின பிறகு ஃபீலர் கேஜால் (இடுக்கு அளக்கிற மெல்லிய தகடுகள்) சுற்றிலும் இடுக்கைப் பாருங்கள். சான்றிதழில் உள்ள அளவை விடத் தடித்த தகடு எங்கேயாவது நுழைந்தால், அல்லது முகத்தில் குழி, கீறல் தெரிந்தால், கழற்றிக் கீழே இறக்கிவிடுங்கள். அதைச் சரிசெய்கிற வேலைக்குத் தனி விதி இருக்கிறது (ஐஎஸ்/ஐஇசி 60079 வரிசையில் 19-ம் பகுதி), அதன்படி வேலை செய்கிற பட்டறைக்கோ கம்பெனிக்கோதான் போக வேண்டும். லேத்துப் பட்டறையில் கொடுத்து ஒரு சீவு சீவி வாங்கி வருவது வேண்டாம்.

இன்னொன்று, லைட்டின் விளிம்பை ஒட்டி ஒரு பீமோ பைப்போ சுவரோ இருந்தால் வெளியே வருகிற சூடான வாயுவுக்கு ஆற இடம் இருக்காது. 2பி என்றால் அந்த விளிம்புக்கு எதிரே 30 மில்லிமீட்டர், 2சி என்றால் 40 மில்லிமீட்டர் காலியாக இருக்க வேண்டும். லைட்டை மறைத்து ஏசி டக்ட் போட்டுவிட்டுப் போகிறவர்களிடம் இதைச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

## எம்சிபி அல்லது ஆர்சிசிபி விழுகிறது

ஆர்சிசிபி என்பது மின்கசிவு இருந்தால் விழுகிற சுவிட்ச். மழை பெய்த மறுநாள் மட்டும் விழுந்தால் மேலே சொன்ன தண்ணீர்க் கதைதான். எந்த லைட் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம், கண்ணாடிக்குள் ஆவி தெரிகிறதை முதலில் பாருங்கள்.

மழை இல்லாமலும் விழுகிறது என்றால் கேபிளை மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டர்) வைத்துப் பார்க்க வேண்டும். 500 வோல்ட் மெக்கர் பொறி விடக்கூடியது என்பதால் வாயு இல்லை என்ற பெர்மிட் இல்லாமல் அதை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், முடிந்தவரை பேனல் பக்கமிருந்தே செய்யுங்கள். லைட்டுகளை, முக்கியமாக எல்இடி டிரைவரை, கழற்றிவிட்டுத்தான் மெக்கர். இல்லையென்றால் டிரைவர் போகும், அல்லது உள்ளே இருக்கிற சர்ஜ் பாதுகாப்பு பொய்யாகக் குறைந்த ரீடிங் காட்டி நல்ல கேபிளைத் தோண்ட வைக்கும். பேஸும் நியூட்ரலும் சேர்த்து எர்த்துக்கு ஒரு மெக்ஓம் கூடக் காட்டவில்லை என்றால் கேபிள் கெட்டுவிட்டது. எலி கடித்த இடம், கிளாண்டில் ஆர்மர் (கேபிளின் கம்பிக் கவசம்) குத்தின இடம், கேபிள் ட்ரேயின் கூரான விளிம்பு, இந்த மூன்றையும் பாருங்கள். நடுவில் ஒட்டுப் போடாமல் கேபிளையே மாற்றுவதுதான் சரி, இது ஒப்பந்ததாரர் வேலை.

## ரொம்பச் சூடு, கருகல் வாசனை, மேலே தூசி

கருகல் வாசனை வந்தால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், மற்றதைப் பேச வேண்டாம்.

சூடு மட்டும் என்றால் அதிக வாட் விளக்கைப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், அடுத்து தூசி. மாவு மில், ஜின்னிங், ஸ்பின்னிங், சிமென்ட் ஆலை நிலக்கரிப் பக்கம் எல்லாம் லைட்டின் தலையில் தூசி தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். தூசி போர்வை மாதிரி, அடியில் சூடு ஏறிக்கொண்டே போகும். ஐந்து மில்லிமீட்டர் கனத்துத் தூசி எந்தச் சூட்டில் புகைய ஆரம்பிக்குமோ, அதிலிருந்து 75 டிகிரியைக் கழித்து, அதற்குள்தான் லைட்டின் மேல்பக்கம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. தூசி அதை விட மொத்தமாக ஏறினால் இந்தக் கணக்கும் கைகொடுக்காது.

காற்றுக் குழாயைப் பிடித்து ஊதாதீர்கள். படுத்துக் கிடக்கிற தூசியை எழுப்பிக் காற்றில் கலப்பதுதான் வெடிப்புக்கு வழி. அணைத்து, ஆறவிட்டு, ஈரத் துணியால் துடையுங்கள். பிளாஸ்டிக் மூடி உள்ள லைட்டைக் காய்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறும், அதற்கும் ஈரத் துணிதான்.

துடைத்துக்கொண்டே நேம் பிளேட்டையும் பாருங்கள். வாயுவுக்குச் சான்றிதழ் வாங்கின லைட் தூசிக்கும் ஆகும் என்று நினைத்துவிடுகிறார்கள். வாயு வகையின் எழுத்தும் தூசி வகையின் எழுத்தும் தமிழில் சொன்னால் இரண்டுமே ‘டி’தான், போனில் பேசும்போது எத்தனையோ தடவை குழப்பம் வந்திருக்கிறது. அதனால் எழுத்தை விட்டுவிட்டுக் குழு எண்ணைப் பாருங்கள்: 2 என்று ஆரம்பித்தால் வாயு, 3 என்று ஆரம்பித்தால் தூசி. 3ஏ பஞ்சு மாதிரி பறக்கிற நாருக்கு, 3பி மாவு மாதிரித் தூசிக்கு, 3சி உலோகப் பொடி மாதிரி மின்சாரம் கடத்துகிற தூசிக்கு. மாவு மில்லில் 2 மட்டும் போட்ட லைட் இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது தப்பான லைட். ஐபி 65, 66 என்று போட்டிருப்பதும் இதற்குப் பதில் ஆகாது, எக்ஸ் குறி இல்லாமல் அந்த எண் மட்டும் இருந்தால் அது மழைக்கும் தூசிக்கும் தாங்குகிற சாதா லைட்.

## கண்ணாடியில் கீறல்

மயிர் மாதிரிக் கீறல் என்றாலும் அந்த லைட் இப்போதே அணைய வேண்டும். டேப், ஃபெவிக்விக், அளவு கொடுத்து வெட்டின கண்ணாடி எதுவும் ஆகாது. கண்ணாடி அந்தச் சட்டத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டுச் சோதிக்கப்பட்டது, சட்டத்தோடு முழுதாகக் கம்பெனியிடம் வாங்கி மாற்றுங்கள்.

## பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறது

எர்த் விட்டுப்போயிருக்கிறது, கூடவே உள்ளே எங்கோ கசிவும் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு கோளாறு ஒன்றாக வந்தால்தான் இப்படி ஆகும். வெளியே உள்ள எர்த் போல்ட்டில் துரு இருக்கிறதா, குறைந்தது 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பாருங்கள். அணைத்துவிட்டு மின் ஒப்பந்ததாரரைக் கூப்பிடுங்கள்.

## திறக்கவே வரவில்லை

கடற்கரை ஓரத்து நோய் இது. தூத்துக்குடி, ஆறுமுகநேரி, காயல்பட்டினம் உப்புக் காற்றில் அலுமினியப் பெட்டி வெள்ளைப் பொடியாகப் பூத்து, போல்ட் தலை வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். சுத்தியல், சூடு காட்டுவது, வெல்டிங் வைத்து நட்டை ஒட்டித் திருகுவது எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். துருநீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். அந்த எண்ணெய் ஸ்ப்ரேயே தீப்பற்றக்கூடியது, அதனால் மின்சாரம் அணைந்து, பெட்டி ஆறின பிறகுதான் அடிக்க வேண்டும். மறுநாளும் வரவில்லை என்றால் முழு ஃபிட்டிங்கையும் கழற்றி வெளியே கொண்டுவந்து திறக்கப் பாருங்கள். திறந்தபின் முகத்தில் வெள்ளைக் குழி இருந்தால் அந்தப் பெட்டி முடிந்தது. புதிது வாங்கும்போது தாமிரம் சேராத அலுமினியக் கலவை (எல்எம்6 என்பார்கள்), துருப்பிடிக்காத போல்ட் என்று கேளுங்கள். சான்றிதழின் நகல், நாக்பூரில் உள்ள பெசோவின் (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அனுமதிக் கடிதம் இரண்டையும் கையோடு வாங்குங்கள். ‘அப்புறம் அனுப்புறேன்’ என்பவரிடம் பணத்தையும் அப்புறம் கொடுங்கள்.

## கை விளக்கு

டேங்குக்குள் இறங்கும்போது 230 வோல்ட் பல்பைக் கூண்டில் போட்டு இழுத்துக்கொண்டு போவது இன்னும் நடக்கிறது. பழைய 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஏ பிரிவிலேயே, தக்க பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் டேங்க், குழி மாதிரி அடைப்பிடங்களில் 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது, தீப்பற்றும் வாயு இருக்கக்கூடிய இடமென்றால் ஃப்ளேம்ப்ரூஃப் விளக்கு தவிர வேறு கூடாது என்று எழுதிவிட்டார்கள். கை விளக்கு மினுங்கினால் 99 சதவீதம் ஒயர் கைப்பிடிக்குள் நுழைகிற இடத்தில் அறுந்திருக்கும். அதை வெட்டி ஒட்டாமல் ஒயரோடு மாற்றுங்கள். மொபைல் டார்ச் வேண்டாம் என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

## வெள்ளத்தில் மூழ்கின லைட்

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, கீழே பம்ப் அறை, குழிகளில் மாட்டியிருந்த லைட்டெல்லாம் சேற்றுக்குள் போயின. பொங்கலுக்குள் வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்று அவற்றைக் கழுவி, வெயிலில் காயப்போட்டு மறுபடி மாட்டினார்கள். எரியவும் செய்தன. ஆறாவது ஏழாவது மாதத்தில் ஒவ்வொன்றாக எம்சிபி விழ ஆரம்பித்தது, திறந்து பார்த்தால் முகம் முழுக்க அரிப்பு, உள்ளே மண்.

மூழ்கின லைட்டைக் காயப்போட்டு மாட்டக் கூடாது. எல்இடி ஃபிட்டிங் என்றால் பட்டறைக்கு அனுப்புகிற செலவுக்குப் புதிதே வந்துவிடும். கேபிளின் நுனி மூழ்கியிருந்தால் தண்ணீர் உள்ளேயே கொஞ்ச தூரம் ஏறியிருக்கும், நல்ல கம்பி தெரிகிற வரை வெட்டி, மெக்கர் பார்த்து, மிச்ச நீளம் போதாவிட்டால் கேபிளையும் மாற்றுங்கள். கழற்றிப் போட்ட பழைய ஃபிட்டிங்கைப் பழைய இரும்புக் கடைக்கு அப்படியே முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள், புதுப் பெயின்ட் அடித்து அடுத்த மாதம் இன்னொரு குடோனில் தொங்கும். நேம் பிளேட்டைப் பிடுங்கிவிட்டு, மூடி உட்காருகிற விளிம்பில் சுத்தியலால் நாலு போடு போட்டு, அதற்குப் பிறகு எடைக்குப் போடுங்கள்.